திருமங்கலம் தாண்டி நீ சொன்னது

இன்று காலையில் பால் பொங்கவில்லை. பொங்குவதற்குள் அடுப்பை அணைத்துவிட்டேன். அணைத்த கையோடு அடுப்படியிலேயே உட்கார்ந்து அழுதேன். நீ இருந்த வரைக்கும் நம் வீட்டில் ஒரு நாளாவது பால் ஒழுங்காகக் காய்ந்திருக்கிறதா? வழிந்து, தீய்ந்த வாடை வந்த பிறகுதான் ஓடி வருவேன். அதற்குள் நீ கட்டிலில் படுத்தபடியே, "பொங்கலோ பொங்கல்!" என்று கத்துவாய். முகம் வீங்கிக் கண் சிறுத்துப்போன நாட்களில்கூட அந்தக் கத்தலுக்குக் குறைச்சல் இல்லை.

உன் சிறுநீரகம் கெட்டுப்போச்சு என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து, என் மண்டைக்குள் வேறு எதற்கும் இடமில்லாமல் போனது மகளே. எந்த மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னால், எது பின்னால், எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம், போன தடவை எடை என்ன, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். மற்றதெல்லாம் போச்சு. உனக்கு வைத்த உப்பில்லாத குழம்பை உன் அப்பா தட்டில் ஊற்றிவிட்டு, நல்லா இருக்கா என்று கேட்டிருக்கிறேன். பாவம், மனுஷன் தட்டை வழித்துத் தின்றுவிட்டுப் போனார். பட்டாசுக் கம்பெனியில் திரி வைத்துக்கொண்டிருந்த என்னைப் போர்மேன் ஒருநாள் அந்த இடத்தை விட்டு எழுப்பிவிட்டார். "நீ வேற நெனப்புல இருக்கத்தா. இங்கன கவனம் தப்புனா எல்லாருக்கும் ஆபத்து. லேபிள் ஒட்டப் போ" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை.

மதுரை ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதுகிறவர், "கூட வந்தவங்க பேரு?" என்று கேட்டபோது நான் உன் பெயரைச் சொன்னேனே, நினைவிருக்கிறதா? "எம்மா, அப்ப நான் யாரு?" என்று சிரித்துச் சிரித்து உனக்கு மூச்சு வாங்கிவிட்டது. வீட்டை விட்டுக் கிளம்பினால், "எம்மா, கேஸ அணைச்சியா? சாவிய எடுத்தியா? நீ சாப்பிட்டியா?" என்று வரிசையாகக் கேட்பாய். நான் சாப்பிட்டேனா என்று உன்னைத் தவிர யார் கேட்டார்கள்?

நீ போன பிறகு ஒரு மழைக்காலமும் போய்விட்டது. எனக்குத் தூக்கம் வருகிறது. சாவி வைத்த இடத்தில் இருக்கிறது. "இப்பத்தான் ஆளு தெளிஞ்சிருக்கா" என்று தெருவில் பேசிக்கொள்கிறார்கள். தெளிந்தேனாம்! நாசமாய்ப் போகட்டும் இந்தத் தெளிச்சல். போன வாரம் போர்மேனும் கூப்பிட்டு, "சீசன் வருதுத்தா, நீ பழையபடி திரி வைக்க வந்துரு" என்றார். போனேன். கை ஒரு திரியைக்கூடத் தவறவிடவில்லை.

மறந்ததெல்லாம் திரும்பி வருகிறதே, கடைசிப் பயணத்தில் நீ பேசியதும் வரும் என்று நம்பியிருந்தேன். உட்கார்ந்து உட்கார்ந்து தேடுகிறேன். மாத்திரையின் நிறம் வருகிறது. உன் பாதத்து வீக்கத்தை அழுத்தினால் விழும் குழி வருகிறது. நீ பேசியது வரவில்லை.

நாம் கடைசியாக மதுரையிலிருந்து திரும்பிய பஸ்ஸில் உனக்கு ஜன்னலோரம் கொடுத்தேன். டாக்டர் புதிதாக மாற்றி எழுதிய மருந்துகளை மனதுக்குள் நேரம் பிரித்துக்கொண்டிருந்தேன். திருமங்கலம் தாண்டியதும் நீ ஏதோ சொல்ல ஆரம்பித்தாய். கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாய். நடுவில் உனக்கே சிரிப்பு வந்தது. என் தோளைப் பிடித்து, "எம்மா, கேக்கியா?" என்றாய். "கேக்கேன் தாயி" என்றேன். விருதுநகர் வரைக்கும் சொன்னாய். அதற்குப் பிறகு அவ்வளவு பேச உனக்கு மூச்சு இருக்கவில்லை.

நான் கேட்கவே இல்லை. மறந்திருந்தால் என்றைக்காவது வரும். உள்ளேயே போகாதது எங்கிருந்து வரும்? "ஒங்ககிட்ட எதுவும் சொன்னாளா?" என்று உன் அப்பாவைக் கேட்டேன். "இல்லையே" என்றவர், சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

உன் வாய் அசைவது தெரிகிறது. சிரிப்பது தெரிகிறது. சத்தம் இல்லை. என்னுடைய 'கேக்கேன் தாயி' மட்டும் அட்சரம் பிசகாமல் காதில் விழுந்துகொண்டே இருக்கிறது.