ஐந்தாம் கதவு

நாள் 212, காலை 9.10
நிலவின் தென்முனை, பனித் துளைப்பு நிலையம். பணியில் நான் ஒருவன்தான், ஜெபசிங். துளைப்பான் ஓடுகிறது. காற்றழுத்தம் சரி.

நேற்று என் வீடியோ கேம் பூமியில் வெளியானது. பெயர் ‘ஐந்தாம் கதவு’. வீரன் இடமிருந்து வலமாக ஓடுவான், பாய்ந்து வரும் பழுதான இயந்திரங்களை அடித்து நொறுக்குவான், மூச்சு தீருவதற்குள் மீட்புக் கலத்தை அடைய வேண்டும். களம் வேறெதுவும் இல்லை, என் வசிப்பறையிலிருந்து கலம் வரை போகும் இந்தச் சுரங்கவழிதான். ஐந்து கதவுகள், ஒரே காற்று உருளை, தாண்டியதும் பின்னால் பூட்டிக்கொள்ளும் பூட்டு, சுவரடியில் கம்பிகள் போகும் சந்து எல்லாம் உள்ளது உள்ளபடி. பூமியில் ஐம்பது பேர் கூடி உட்கார்ந்து குப்பை செய்கிறார்கள். நான் தனியாகச் செய்தேன்.

நாள் 216, மாலை 6.40
கட்டுப்பாட்டு அறையிலிருந்து லீமா விமர்சனங்களை அனுப்பினாள்.
“அஞ்சாவது கதவுக்கு முன்னாடியே மூச்சு முட்டிச் செத்துப்போறான். காசு தண்டம்.”
“செஞ்சவரு ஒரு தடவையாவது ஆடிப் பாத்தாரா?”
எத்தனையோ தடவை முடித்துவிட்டேன், மூடர்களே. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இதையே பதிலாகப் போட்டேன். எல்லாருக்கும்.

நாள் 221, காலை 11.05
கீழக்கரையிலிருந்து நஸ்ரின் என்றொரு பெண். “அண்ணா, நான் அஞ்சாவது கதவத் திறந்துட்டேன்! எப்படின்னு சொல்லட்டுமா? அந்த வழிய நீங்க வேணும்னே வச்சீங்களா?”

நான் வைக்காத வழி என் ஆட்டத்தில் ஏது? புளுகுக்கும் ஓர் அளவு வேண்டும். அவள் கணக்கைத் தடை செய்தேன்.
லீமா: “கேட்டுத்தான் பாருங்களேண்ணே. பாவம், ஆசையா எழுதியிருக்கா.”
லீமாவுக்கு ஊரில் எல்லோருமே பாவம்தான். துளைப்பானுக்கு எண்ணெய் மாற்றினேன்.

நாள் 229, மதியம் 2.20
விண்கல் விழுந்தது. மின்சாரம் போயிற்று. வசிப்பறையில் கசிவு, அடைக்க முடியவில்லை. சுரங்கவழியிலும் காற்றில்லை. கதவுகளைக் கையால் சுழற்றித்தான் திறக்க வேண்டும். கவசத்தில் ஒரே உருளை.
இந்த வழியை என்னைவிட அதிகம் ஓடியவன் எவன்? ஒத்திகைக்காகக் கைக்கணினியில் ஒருமுறை ஆடினேன். முடித்தேன்.

மதியம் 2.35
திரையின் மூலையில் ஒரு சின்ன எழுத்து: ‘தீராக் காற்று’. சோதித்துப் பார்க்கும் வசதிக்காக என் பிரதியில் நானே வைத்தது. எடுக்க மறந்திருக்கிறேன். எடுத்துவிட்டு ஆடினேன். நான்காம் கதவு தாண்டியதும் செத்தான். மறுபடியும். மறுபடியும் அதே இடம்.
அந்த மூடர்கள் சொன்னது சரி. நான் ஒருநாளும் இந்த ஆட்டத்தை ஆடவே இல்லை.

மதியம் 2.41
லீமாவிடம் நஸ்ரினைக் கண்டுபிடிக்கச் சொன்னேன். தடை செய்ததில் அவள் தொடர்பெல்லாம் அழிந்துவிட்டது, பெயரும் ஊரும்தான் மிச்சம்.
“கீழக்கரையில எத்தன நஸ்ரின்ணே இருப்பாங்க? தேடுறேன். கிளம்பிராதீங்க, இருங்க.”
இருப்பதற்கு அறையில் காற்று இல்லை. பயமாக இருக்கிறது. கிளம்புகிறேன்.

தலைக்கவசக் குரல்பதிவு, 2.58
முதல் கதவு. திறந்தாயிற்று. இரண்டு. காற்று பாதிக்கு மேல் இருக்கிறது. லீமாவிடமிருந்து இன்னும் தகவல் இல்லை. நிற்க முடியாது. மூன்றாம் கதவு... இறுகியிருக்கிறது... திறந்துவிட்டது.

3.09
லீமா: “அண்ணே! கிடைச்சிட்டா! லைன்ல இருக்கா, பேசும்மா!”
நஸ்ரின்: “அண்ணா, மூணாவது கதவத் திறக்காதீங்க. அதுக்கு முன்னாடி தரையோரமா கம்பி போற சந்து ஒண்ணு இருக்குல்ல? படம்னுதான் நெனச்சேன், உள்ள நுழைய முடிஞ்சிச்சு. நேரா அஞ்சாவதுக்கே போயிரலாம். அண்ணா? கேக்குதா?”

கேட்கிறது. அந்தச் சந்து என் கையால் வரைந்ததுதான். உள்ளது உள்ளபடி.

3.11
நான்காம் கதவின் முன் நிற்கிறேன், காற்று தீரப்போகிறது. மூன்றாவது பின்னால் பூட்டிக்கொண்டது. அவள் இன்னும் அண்ணா, அண்ணா என்கிறாள். லீமா, அவளிடம் நான் சந்துக்குள் போய்விட்டேன் என்று சொல். சின்னப் பிள்ளை, அவள்