என் காலை அளந்தார்கள், படியை அளக்கவில்லை

மார்ச் 4, செவ்வாய்

பேத்தி பாதி எழுதிவிட்டுப் போட்ட நோட்டு. முன்பக்கமெல்லாம் அவள் கணக்கு, ஒன்றுகூடத் தப்பில்லை. என் ரத்தம். பின்பக்கத்திலிருந்து நான் எழுதுகிறேன்.

இன்று கீழ்த்தள ஹாலில் வயதானவர்களுக்கு உடம்பு பார்த்தார்கள். மூன்றாவது மாடியிலிருந்து இறங்க வேண்டும். கட்டடத்தில் ஒருத்தரும் எழுந்திருக்கும் முன்பே இறங்கிவிட்டேன். எப்படி இறங்கினேன் என்று இந்த நோட்டில்கூட எழுத மாட்டேன்.

நர்ஸ் பொண்ணு கையின் பலம் பார்க்கும் ஒரு பிடியைக் கொடுத்து அமுக்கச் சொன்னாள். நடக்கச் சொல்லி நேரம் பார்த்தாள். பிறகு நாற்காலி. கையை மார்பில் கட்டிக்கொண்டு ஐந்து தடவை எழுந்து உட்கார வேண்டுமாம். மூன்றாவது தடவை எழவில்லை. "பரவாயில்லம்மா" என்றாள். அந்தப் பரவாயில்லைதான் சுருக்கென்று தைத்தது.

"தனியாவா இருக்கீங்க?"
"மக இருக்கா." (இரண்டு பஸ் மாறி வர வேண்டிய தூரத்தில்.)
"மூணு வேளையும் நல்லா சாப்பிடுறீங்களா?"
"பின்னே?"
"வெளிய போவீங்களா?"
"தினமும்."

எல்லாவற்றுக்கும் டிக் போட்டாள். கடைசியில் அட்டையில் ஒரே வார்த்தை: நலிவு. கையெழுத்துப் போடச் சொன்னாள். ரேகை மையை நீட்டினாள் முதலில்! பேனாவை வாங்கி முழுப் பெயரையும் எழுதினேன்.

மார்ச் 5

தரைத்தளத்து பேங்க் அம்மாவுக்கு 'நன்று' என்று எழுதியிருக்கிறார்களாம். எனக்கும் அவளுக்கும் ஒரே வயது, எழுபத்தொன்று. "எல்லாம் நல்ல பழக்கம்தான் காரணம்னு நர்ஸ் சொன்னாங்க" என்று ஜன்னல் வழியாக மேலே பார்த்துக் கத்துகிறாள்.

பழக்கமா? அவள் வேலை பார்த்தது பேங்கில், சுழலும் நாற்காலியில். நான் முப்பத்தொரு வருடம் ஓட்டல் சலவை அறையில். ஈரப் போர்வை, நீராவி, நின்றுகொண்டே மடிப்பு. ஒரே ஒரு ஸ்டூல் இருந்தது. அதையும் சூப்பர்வைசர் தூக்கிக்கொண்டு போனான், உட்கார்ந்தால் கை மெதுவாகிறதாம்.

முப்பத்தொரு வருடம் உட்கார விடவில்லை. இன்று வந்து, உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தெரியவில்லை என்று எழுதுகிறார்கள்.

மார்ச் 6

நலிவாம். நலிவு!

மார்ச் 9, ஞாயிறு

அட்டையோடு ஒரு தாள் கொடுத்திருந்தார்கள். ஓர் எழுத்து விடாமல் படித்தேன். தினம் முட்டை, பால், பழம். அரை மணி நேரம் நடை. நாலு பேரோடு பழக வேண்டும்.

முட்டை பிடிக்காது என்றா சொன்னேன்? யார் மூன்று மாடி தூக்கி வருவது? காலையில் வைத்த சோறுதான் மூன்று வேளைக்கும். சில நாள் இரண்டே வேளை. நாலு பேர் என்ன, அரை ஆளைப் பார்த்தே பத்து நாள் ஆகியிருக்கும் சில சமயம்.

இரண்டு வருடம் முன்பு இரண்டாவது மாடிக்காரர்கள் பீரோ ஏற்றினார்கள். திருப்பத்தில் இடிக்கிறது என்று படியின் கைப்பிடியை மேலிருந்து கீழ்வரை கழற்றினார்கள். பீரோ போய்ச் சேர்ந்தது. கைப்பிடி திரும்பி வரவில்லை. கட்டட மேனேஜரைக் கேட்டால், "ஆகட்டும் பாட்டி, ஆகட்டும்." அதுவரை தினமும் இறங்கியவள் நான். அப்புறம் வாரம் இரண்டு தடவை. அப்புறம் ஒரு தடவை. அப்புறம் —

கால் போனதால் படி நின்றதா? படியால் கால் போனதா? இதற்கு அட்டையில் கட்டம் உண்டா?

மார்ச் 12

மகள் வந்தாள். அட்டையைப் பார்த்துவிட்டாள்.

"அம்மா, முதியோர் இல்லத்துல சேர்த்துடலாம்மா. அங்க படியே கிடையாது."
"நான் என்ன கழட்டி ஓரமா வைக்கிற சாமானா?"
"அட்டைல எழுதியிருக்கே! நீ விழுந்து கிடந்தா எனக்கு யார் சொல்லுவா?"

அழுதாள். நானும் கத்தினேன். பாவம், துணிக்கடையில் பத்து மணி நேரம் நிற்கிறாள். எழுந்திருக்கும்போது அவள் முட்டியில் சத்தம் கேட்டது. வயது நாற்பத்தாறு.

முப்பதாம் தேதி வருவாளாம். அன்றைக்கு பதில் சொல்ல வேண்டுமாம். இந்த அறைக்கதவை என் கையால் திறந்து என் காலால் வெளியே போவேன். வேறு விதமாக என்னைக் கூட்டிப்போக முடியாது.

மார்ச் 14

மேனேஜருக்குக் கடிதம். நான்கு தடவை எழுதிக் கிழித்தேன். 'மிகவும் சிரமமாக உள்ளது' என்று எழுதினால் யாருக்கு உறைக்கும்? ஐந்தாவது தடவை உள்ளதை எழுதினேன்:

'கைப்பிடி இல்லாததால் நான் ஒவ்வொரு படியாக உட்கார்ந்து, குழந்தை மாதிரி நகர்ந்து இறங்குகிறேன். யாரும் பார்க்காத நேரத்தில் இறங்குகிறேன்.'

எழுதிவிட்டேன். இந்தத் தடவை கிழிக்கவில்லை.

மார்ச் 17

அட்டையில் இருந்த நம்பருக்குப் போன் போட்டேன். நர்ஸ் பொண்ணு வந்தாள். இரண்டாவது மாடித் திருப்பத்தில் அவளே சுவரைத் தடவிக்கொண்டு ஏறுவதைக் கதவிலிருந்து பார்த்தேன்.

"தினமும் வெளிய போறேன்னீங்களேம்மா?"
"பொய் சொன்னேன்."
"சாப்பாடு?"
"அதுவும் பொய்தான். இவ்வளவு வருஷம் உழைச்சவ, பசிக்குதுன்னு உன்கிட்ட எப்படிடி சொல்லுவேன்? சரி, என் காலை அளந்தியே, இந்தப் படியை அளந்தியா?"

அவள் பையிலிருந்து புதுத் தாள் எடுத்தாள். படிக்கு அதில் கட்டமே இல்லை. ஓரத்தில் எழுதினாள்: 'மூன்று மாடி. கைப்பிடி இல்லை. தனியாக வசிக்கிறார்.' என் கடிதத்தின் கீழே அவளும் கையெழுத்துப் போட்டு, அலுவலக முத்திரையும் குத்தினாள். வாரம் இரண்டு நாள் சாப்பாடு கொண்டுவர ஆள் அனுப்புவாளாம். வேண்டாம் என்று வாய் வரை வந்தது. விழுங்கினேன்.

மார்ச் 21

குடியிருப்போர் கூட்டம். எல்லோரும் பார்க்கும் நேரத்தில், உட்கார்ந்து உட்கார்ந்தே இறங்கினேன். பார்க்கட்டும். நான் கொடுத்த கடிதத்தை மேனேஜர் வாய்க்குள் முனகிப் படித்தார். "சத்தமா படிங்க" என்றேன். 'குழந்தை மாதிரி' என்ற இடத்தில் பின்னால் யாரோ சிரித்தார்கள்.

பேங்க் அம்மா திரும்பி, "யாருப்பா அது? முன்னாடி வந்து சிரி" என்றாள். பிறகு என்னிடம், "ரெண்டு வருஷமா உங்களைக் காணோம்னு நான் ஏறி வந்து கேக்கலையே. அந்தப் படியைப் பார்த்தா எனக்கே பயம்." கடிதத்தில் குடியிருப்பவர்கள் போட்டதில் முதல் கையெழுத்து அவளுடையது.

நல்ல பழக்கம்தான்.

மார்ச் 28

வெல்டிங்காரர் வந்தார். கீழிருந்து இரண்டாவது மாடி வரை கம்பி போட்டுப் பச்சை பெயிண்ட் அடித்தார். அதற்கு மேலே? "எனக்கு சொன்ன அளவு அவ்வளவுதாம்மா." மூன்றாவது மாடியில் இருப்பவள் என்ன பறந்தா வருவேன்?

மார்ச் 30

மகள் வந்தபோது நான் வாசல் கேட்டருகே நின்றுகொண்டிருந்தேன்.

"கீழ எப்படிம்மா வந்தே?"

உள்ளங்கையைக் காட்டினேன். பச்சை, பெயிண்ட் இன்னும் சரியாகக் காயவில்லை. கம்பி இல்லாத மேல் படிகளை, மூன்றாவது மாடியிலிருந்து இரண்டாவது வரை, உட்கார்ந்துதான் இறங்கினேன். அதையும் சொன்னேன், மறைக்கவில்லை. இல்லத்தைப் பற்றி அவள் பேச்செடுக்கவில்லை.

ஏறும்போது அவளும் கைப்பிடியைப் பிடித்தாள். முட்டியில் அதே சத்தம்.

"கடையில உக்கார ஒரு ஸ்டூல் கேட்டியா?"
"கேட்டா குடுத்துடுவாங்களா? யாரும்மா அதுக்கெல்லாம் லெட்டர் எழுதறது?"

நோட்டில் இன்னும் ஆறு பக்கம் இருக்கிறது.