தமிழுக்கு ஒன்றை அழுத்தவும்

கம்பெனி போனுக்கு ஒரு குரலும் எங்களுக்கு ஒரு குரலும் வைத்திருந்த என் அன்பு மதினிக்கு,

அண்ணன் நன்றாக இருக்கிறார். நேரத்துக்குச் சாப்பிடுகிறார். நீங்கள் போனபின் இரண்டாவது தீபாவளி வரப்போகிறது. திருத்தங்கல் ரோட்டில் பட்டாசு லாரிகள் நிற்க ஆரம்பித்துவிட்டன.

நான் மொழியியல் படித்துவிட்டு வந்த புதிதில், ழகரம் தமிழுக்கு மட்டுமே சொந்தம் என்று மேடையில் யாரோ பேசியதை நம் அடுப்படியில் நின்று மறுத்துக்கொண்டிருந்தேன். மலையாளத்தில் இருக்கிறது, தென் அமெரிக்காவில் மபூச்சே மக்களிடம் இருக்கிறது, சீனத்திலும் அதற்கு நெருங்கிய ஒலி உண்டு என்றேன். நீங்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “அப்ப நம்ம வீட்டுல மட்டுந்தான் இல்லியாக்கும்? கொளம்பு கொதிக்குது, எறக்குத்தா.”

ஆனால் உங்களிடம் அந்த ழகரம் இருந்தது மதினி. விஷு சீசனில் உங்கள் பட்டாசுக் கம்பெனியின் கேரள வியாபாரிகள், நீங்கள் வீட்டிலிருக்கும்போதும் கூப்பிடுவார்கள். “கோழிக்கோடு லோடு கிளம்பிருச்சுங்க, ஆலப்புழைக்கு நாளைக்கு.” நாக்கு மடிந்து, எதையும் தொடாமல் வரும் அந்த ஒலி. போனை வைத்ததும் என்னிடம், “ராத்திரிக்குக் கோளி எடுப்பமா?”

சிரித்துக்கொண்டே காரணம் கேட்டேன்.

“அவுக ஊருப் பேரு, நாம கெடுக்கலாமா? நீ வீட்டு ஆளுதான.”

அந்தப் போன் குரலைத்தான் கம்பெனி எண்ணில் பதிந்து வைத்தார்கள். ‘தமிழுக்கு ஒன்றை அழுத்தவும், மலையாளத்துக்கு இரண்டை அழுத்தவும்.’ நீங்கள் போனதிலிருந்து அண்ணன் தினமும் அந்த எண்ணுக்கு அடிக்கிறார். கேட்கிறார். எதையும் அழுத்தாமல் வைத்துவிடுகிறார். “இது கம்பெனிப் பேச்சு. அவ பேச்சு இல்ல,” என்பார். மறுநாளும் அடிப்பார்.

போன வாரம் அந்தக் குரலை எடுத்துவிட்டுக் கம்ப்யூட்டர் குரல் வைக்கப்போகிறார்கள் என்று தெரிந்தது. அண்ணன் போய்க் கேட்கிற ஆளா? நான் போனேன்.

“புதுசு அம்புட்டுச் சுத்தமா இருக்கு மேடம், கேட்டுப் பாக்கீகளா?” என்றார் மேனேஜர்.

“பழசைக் குடுங்க, போதும்.”

பதிவு செய்த அன்றைக்கு எதையும் வெட்டாமல் வைத்திருந்ததை அப்படியே என் போனுக்கு அனுப்பிவிட்டார்.

வீட்டுக்கு வந்து அண்ணன் எதிரில் போட்டேன். ஒன்றை அழுத்தவும். இரண்டை அழுத்தவும். அதோடு முடிந்தது என்று அண்ணன் எழுந்துவிட்டார். நாற்காலி நகரும் சத்தம் கேட்டது, பதிவுக்குள்ளிருந்து. அப்புறம் பதிவு செய்தவரிடம் நீங்கள்: “சரியா வந்துச்சாண்ணே? இல்ல, இன்னொருக்கா அளுத்தச் சொல்லவா?” ஒரு சிரிப்பு.

அண்ணன் போனை என் கையிலிருந்து வாங்கிக் காதோடு வைத்துக்கொண்டார். “சொல்லு,” என்றார், உங்களிடம். “சொல்லு.”

நான் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

போனவர்கள் கேட்பார்கள் என்பதில் எனக்கு நம்பிக்கை கிடையாது, உங்களுக்கே தெரியும். இருந்தாலும் கேட்கிறேன்: அங்கே எந்தக் குரலில் பேசுகிறீர்கள் மதினி?

இனி ழகரம் நடத்தும்போது வகுப்பில் உங்கள் குரலைத்தான் போடுவேன். மலையாளத்தையும் மபூச்சேயையும் அதன் பிறகு சொல்லிக்கொள்கிறேன். ஆனால் இரண்டை அழுத்தச் சொன்னதோடு நிறுத்திவிடுவேன். மிச்சம் வெளியாளுக்கு இல்லை. சத்தியம்.

உங்கள் வீட்டு ஆள்,
நாத்தனார்