கங்கம்மாள் முறுக்கிய கம்பி

பொதட்டூர்பேட்டை,
18-2-1968

சௌபாக்கியவதி குணசுந்தரிக்கு அப்பா செங்கல்வராயன் எழுதிக்கொண்டது. திருத்தணி முருகன் புண்ணியத்தில் இங்கே எங்கள் இருவர் உடம்புக்கும் ஒரு குறையில்லை, என் மனசுக்குத்தான் சரியில்லை. பம்பாயில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். குழந்தைக்குச் சளி விட்டதா, கடல் காற்றில் அதிகம் கொண்டுபோகாதே.

உன் அம்மாவைப் பற்றித்தான் எழுதுகிறேன், நீ அவள் பக்கம்தான் பேசுவாய், இருந்தாலும் வேறு யாரிடம் சொல்வேன். தங்கக் கட்டுப்பாடு வந்து நகைப் பட்டறையை மூடிவிட்டு நான் கும்மிடிப்பூண்டி பக்கம் இரும்புக் கம்பி இழுக்கப் போனது உனக்குத் தெரியும். அந்த வருஷங்களில் என் விரல் தடித்துப்போனது. வீட்டில் இருந்த அவளோ அக்கம்பக்கத்தார் அறுந்த நகையைக் கொண்டுவந்தால் கம்பி முறுக்கிக் கொடுத்துப் பழகிவிட்டாள். திரும்பி வந்து பட்டறையைத் திறந்தேன், கம்பியை அவள் முறுக்க நான் ஊதிப் பற்றவைக்க என்று வேலை ஓடுகிறது. வருகிறவர்கள் எல்லாரும் என்னைத் தாண்டி உள்ளே பார்த்து, கங்கம்மா இல்லையா என்கிறார்கள். இத்தனை வருஷம் பத்தர் என்று பேர் எடுத்தவன், என் பட்டறையிலேயே உள்ளே கை காட்டி அனுப்புகிறவன் ஆகிவிட்டேன்.

தை மாதம் ஆர்.கே.பேட்டையிலிருந்து அரசப்பன் சம்சாரம் மணியம்மாள் வந்தாள். அவள் பெண் சின்னப்பொண்ணுக்குக் கல்யாணம், மாங்காய்ப் பதக்கம் முழுக்கக் கம்பி வேலையில் வேண்டுமாம். தங்கத்தை என் கையில் கொடுத்துவிட்டு, “கங்கம்மா கையால முறுக்கினாத்தான் பத்தரே, வேற கை படக்கூடாது” என்றாள். எனக்கு வயிறு எரிந்தது. அதே பதக்கத்தை நானும் செய்து காட்டுகிறேன் என்று உன் தாத்தா எனக்குப் போட்ட கல்யாண மோதிரத்தை எடுத்து உருக்கினேன். அம்மா பார்த்துவிட்டு, “இன்னாத்துக்கு இருக்கற மோதிரத்த உருக்கிக்கினு இருக்கறீங்க” என்று கேட்டாள். நான் ஊதுகுழலை வாயில் வைத்துக்கொண்டேன். அவளும் அப்புறம் கேட்கவில்லை. ஒரே பட்டறையில் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு ஆளுக்கொரு பதக்கம் செய்தோம். என் கம்பி எத்தனையோ தடவை அறுந்தது, அவள் பக்கம் ஒரு சத்தமும் இல்லை, அதுவும் எனக்குப் பொறுக்கவில்லை.

மணியம்மாள் வந்த அன்று இரண்டையும் சிவப்புக் காகிதத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பிடித்ததை எடுத்துக்கொள்ளச் சொன்னேன். அவள் திருப்பித் திருப்பிப் பார்த்து ஒன்றை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். “பாத்தாலே தெர்லியா, கங்கம்மா கைதான் இது” என்றாள். குணா, அது நான் செய்தது. வாயைத் திறப்பதற்குள் உன் அம்மா, “அய்ய, அது எங்கூட்டுக்காரரு செஞ்சதும்மா, கீழ இருக்கறதுதான் என்னுது” என்று சொல்லிவிட்டாள். மணியம்மாள் முகம் மாறிப்போய் என்னுடையதை வைத்துவிட்டு மற்றதை எடுத்துக்கொண்டாள், தப்பா நெனச்சிக்காதீங்க பத்தரே என்று வேறு சொன்னாள்.

அவள் போனதும் அம்மா என் பதக்கத்தைக் கயிற்றில் கோத்துத் தன் கழுத்தில் போட்டுக்கொண்டாள். மோதிரம் போனது போகட்டும், இனி இது எனக்கு என்றாள். அந்த ஒரு சாயங்காலம் எனக்கு நிம்மதியாக இருந்தது. மறுநாள் தண்ணீருக்குப் போனவளைப் பார்த்துத் தெருவே கேட்டதாம், “நீயே செஞ்சிக்கினியா கங்கம்மா, இன்னா அழகு” என்று. இல்லை அவர்தான் செய்தார் என்று அவளும் சொல்லாத ஆளில்லை, எல்லாரும் சிரிக்கிறார்கள், புருஷனை விட்டுக்கொடுக்காதவள் என்று அதற்கும் அவளையே மெச்சுகிறார்கள்.

நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நோய்நொடி இல்லாமல் நீடூழி வாழ வேண்டும், என் ஆசி எப்போதும் உண்டு. மறந்துவிடாதே, பம்பாயில் கடிகாரம் பழுதுபார்ப்பவர்கள் கண்ணில் மாட்டிக்கொள்ளும் பூதக்கண்ணாடி கிடைக்குமாம், கம்பி வேலைக்கு உதவும், மாப்பிள்ளையிடம் சொல்லி இரண்டு வாங்கி அனுப்பு. ஒன்று மட்டும் அனுப்பினால் அவள் அதை எனக்கே கொடுத்துவிடுவாள், அதை என்னால் தாங்க முடியாது.

இப்படிக்கு உன் அப்பா,
ம. செங்கல்வராயன்