எழுபது வளைவுகளும் ஓர் அரியர் பேப்பரும்

என் கண்ணு ரோசிக்கு,

பரீட்சை ஹாலில் நான் மயங்கி விழுந்தேன் என்று மலை முழுக்கப் பேச்சு. விழவில்லை. மேசையில் நெற்றியை வைத்துக் கண்ணை மூடினேன், அவ்வளவுதான். வயதும் காரணமில்லை. பஸ்ஸில் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கினேன். தலை சுற்றி, குமட்டி, படித்ததெல்லாம் கீழே போய்ச் சேர்வதற்குள் கலைந்துவிட்டது. நீ பக்கத்தில் இருந்திருந்தால் முதல் வளைவிலேயே புத்தகத்தைப் பிடுங்கியிருப்பாய்.

முடிவு வந்துவிட்டது. ஐரோப்பிய வரலாறு, இரண்டாவது முறையாக அரியர். இனி ஒரே ஒரு வாய்ப்புதான் என்று தபால்வழிக் கல்வி அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். என் வீட்டுக்காரர் இறந்த பிறகு நீ மலையேறி வந்து, நாம் சேர்ந்து தொடங்கிய பட்டம் இது. உன்னுடையது சட்டம் போட்டுக் கூடத்தில் தொங்குகிறது. எனக்காக அதன் பக்கத்தில் நீ அடித்த ஆணி வெறும் ஆணியாக இருக்கிறது.

கான்வென்ட்டில் எனக்கு ஒரே வழிதான் கற்றுக்கொடுத்தார்கள். அளவுகோல் வைத்து அடிக்கோடு, பிறகு ஒரு சொல் மாறாமல் பத்துத் தடவை வாசிப்பு. அதில் நான்தான் வகுப்பில் முதல். நீ புத்தகத்தை மூடிவிட்டு உன்னையே கேள்வி கேட்பாய். இன்று ஒரு பாடம், நாளை வேறொன்று, நாலு நாள் கழித்துப் பழையது. விளையாட்டு என்றுதான் நினைத்தேன். பஸ்ஸிலும் விடமாட்டாய், எண் எழுதிய போர்டைப் பார்த்து வளைவுக்கு ஒரு கேள்வி.

"அக்கா, அறுபத்திரெண்டு வந்துருச்சு. அடுத்த போர்டுக்குள்ள சொல்லோணும்!"

"ஏண்டி, பாடத்தைக் கூவி விக்கறியா?"

பின் சீட்டில் சிரித்தார்கள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். நீ தேறினாய்.

நீ மலையிறங்கி உன் ஊருக்குத் திரும்பிய பிறகு, விட்டுப்போன உன் நோட்டைத் திறந்தேன். எழுபதிலிருந்து ஒன்றுவரை, பஸ் இறங்கும் வரிசையில் கேள்விகள். ஒன்றுக்குக்கூடப் பதில் இல்லை. சில எண்களுக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் 'அக்கா' என்று எழுதியிருக்கிறாய். அவை நான் தடுமாறியவை என்று புரிய இரண்டு நாள் ஆயிற்று. திரும்ப எப்போது கேட்பதாக இருந்தாய்?

நானே கேட்டு நானே சொன்னால், சரியா தப்பா என்று யார் சொல்வது? வாசலில் மிளகு உதிர்த்துக்கொண்டிருந்த செல்லாயியைக் கேட்கச் சொல்லி, பிரெஞ்சுப் புரட்சியை முழுதாக ஒப்பித்தேன். அவளுக்கு எழுத்துத் தெரியாது. கேட்கத் தெரியும்.

"அதெல்லாஞ் சரிங்கம்மா. சனங்க ரொட்டியில்லாமக் கெடக்கறப்ப அந்த ராசா என்னங்க பண்ணிட்டிருந்தான்? ஒருத்தருமே அவங்கிட்டச் சொல்லலீங்களா?"

"அது பாடத்தில் இல்லை, செல்லாயி."

"அப்பறம் என்னத்தைங்க படிச்சீங்க, இத்தன நாளா?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். எனக்குக் காது சுட்டது. உள்ளே போய் நோட்டைப் பார்த்தேன். நாற்பத்து மூன்று: 'மன்னனுக்குத் தெரியவில்லையா, தெரிந்தும் செய்யவில்லையா?' பக்கத்தில் 'அக்கா'.

அன்றிலிருந்து வழிகளை மாற்றி மாற்றிப் பார்க்கிறேன். துண்டுச் சீட்டுகளில் எழுதிக் கலைத்துப் போட்டு எடுக்கிறேன். கடிகாரத்தை முன்னால் வைத்துப் பழைய வினாத்தாள் எழுதுகிறேன். போனில் என் குரலைப் பதிந்து கேட்டேன். யாரோ கிழவி ஜெபம் சொல்வதுபோல இருந்தது, நிறுத்திவிட்டேன். காலையில் மனதில் நின்றது மாலையில் இல்லை. வழிதான் தவறா, மூளை தேய்ந்துவிட்டதா, நீ இல்லாததுதானா? தெரியவில்லை, ரோசி. இந்தச் சொல்லை எழுத எனக்கு எவ்வளவு கூச்சம் என்று உனக்குத் தெரியும்.

ஒன்று மட்டும் சத்தியம். அடுத்த முறை பஸ்ஸில் புத்தகத்தைத் திறக்க மாட்டேன். யார் சிரித்தாலும் போர்டைப் பார்த்து வாய்விட்டுப் பதில் சொல்லிக்கொண்டே இறங்குவேன். ஆனால் நாற்பத்து மூன்றில் என்ன சொல்வேன்? ஐந்து பதில் எழுதிப் பார்த்துவிட்டேன், ஐந்துமே புத்தகத்தின் சொற்கள்.

இந்த ஒரு தடவை கேள்வி வேண்டாம். பதிலை எழுதி அனுப்பு.

உன் கூடப் பிறந்த
அக்கா