பேரீச்சம்பழப் பாகு என்று சொன்னது

ஜனவரி 7, செவ்வாய்

கோயம்புத்தூரிலிருந்து வாங்கி வந்த பால்சமிக் வினிகரை இன்றுதான் திறந்தேன். வீட்டில் யாரும் இல்லாத நேரம். கரண்டியில் ஒரு சொட்டு. முதலில் புளிப்பு, பின்னாலேயே இனிப்பு, கடைசியில் பழைய மரப்பெட்டியின் வாசம்.

கத்தரிக்காயை நீளமாக நறுக்கி நல்லெண்ணெயில் சிவக்க வாட்டினேன். அடுப்பை அணைத்த பிறகு ஒரு தேக்கரண்டி விட்டுப் புரட்டினேன். கொதிக்கும்போது ஊற்றினால் மணம் போய்விடும் என்று படித்திருந்தது சரிதான்.

மாமியார் இரண்டாம் முறை போட்டுக்கொண்டார். கல்யாணமாகி இந்த எல்லையோரப் புதுநகரத்துக்கு வந்த எட்டு மாதத்தில் என் சமையலுக்கு இப்படி நடப்பது இதுவே முதல் தடவை. "என்ன கண்ணு ஊத்துன இதுல?" என்று கேட்டார்.

பாட்டிலில் 'ஒயின் வினிகர்' என்று ஆங்கிலத்தில் இருக்கிறது. மாமிக்குத் தமிழும் மலையாளமும் வாசிக்கத் தெரியும், ஆங்கிலம் தெரியாது. ஒயின் என்ற சொல்லைக் கேட்டாலே தட்டைத் தள்ளிவிடுவார் என்று நினைத்தேன்.

பேரீச்சம்பழப் பாகு என்றேன். கொஞ்சம் புளிக்க வைத்தது என்றும் சேர்த்துக்கொண்டேன். எவ்வளவு சுலபமாக வந்தது.

ஜனவரி 10, வெள்ளி

அரைக் கோப்பையைச் சின்னத் தீயில் பாதியாக வற்றவிட்டேன். ஆவி மூக்கை எரிக்கிறது, ஜன்னல் திறந்திருக்க வேண்டும். கரண்டியின் முதுகில் ஒட்டினால் இறக்கிவிடலாம், ஆறும்போது தானாகக் கெட்டியாகும். பப்பாளித் துண்டுகள் மேல் நூலாக விட்டேன். என் கணவர் நவ்ஷாத் கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டார்.

மாமி எதிர்வீட்டு அக்காவிடம் மதிலுக்கு மேலாகச் சொல்வது கேட்டது. "எங்க அன்சிலா பேரீச்சம்பழத்துல ஒரு பாகு வெச்சிருக்கா."

இப்போதே சொல்லிவிடலாம். சொல்லவில்லை.

ஜனவரி 19, ஞாயிறு

எழுதக் கை வரவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

மாமியின் தம்பி அஷ்ரஃப் மாமா அடுத்த ஞாயிறு உம்ரா யாத்திரைக்குக் கிளம்புகிறார். போகிறவர்கள் சொந்தக்காரர் வீடுகளுக்கு வந்து, தெரிந்தோ தெரியாமலோ செய்த தப்பையெல்லாம் பொறுத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் போவார்கள். அதற்காக இன்று வேலந்தாவளத்திலிருந்து வந்திருந்தார். விருந்துக்குக் கோழியை நான்தான் செய்தேன். சின்ன வெங்காயத்தை அவசரப்படாமல் வதக்கி, மிளகு போட்டு, கடைசியில் அந்த வற்றவிட்ட பாகு. மாமா எலும்பைக்கூட விடவில்லை.

மாமிக்குப் பெருமை தாங்கவில்லை. உள்ளே போய் பாட்டிலையே எடுத்து வந்து தம்பி கையில் கொடுத்தார், பேரீச்சம்பழப் பாகு, நீயும் ஒன்று வாங்கிக்கொள் என்று.

மாமா பத்து வருடம் துபாயில் இருந்தவர். எழுத்துக் கூட்டிக் கூட்டி வாசித்தார். அந்த நேரம் முழுவதும் உண்மையைச் சொல்ல எனக்கு வாய் இருந்தது.

"அக்கா, இதுல ஒயின்னு போட்டிருக்குது. பேரீச்சம்பழம்னு எங்கிட்ட ஏன்க்கா சொன்னீங்க?"

மாமி என்னைப் பார்த்தார். நான் தட்டுகளை அடுக்க ஆரம்பித்தேன்.

"நாந்தான் வாங்குனேன். கடையில மாத்திக் குடுத்துட்டாங்களாட்ட இருக்குது" என்றார் மாமி.

கோயம்புத்தூருக்கு மாமி போய் இரண்டு வருடம் ஆகிறது. அது மாமாவுக்கும் தெரியும். எழுந்து வாய் கொப்பளித்தார், செருப்பைப் போட்டார். கேட்க வந்ததைக் கேட்காமலேயே போய்விட்டார்.

மாமி அவர் கை கழுவிய சொம்பை வெகுநேரம் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

ஜனவரி 20

மாமி என்னிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் தேவலை.

ஜனவரி 22, புதன்

நான் சமைத்த எதையும் மாமி தொடுவதில்லை. மோர் ஊற்றிய சோறு, தொட்டுக்கொள்ள ஊறுகாய். நேற்றும் அதே, இன்றும் அதே. கோபம் முகத்தில் இல்லை. பசிக்கல கண்ணு என்கிறார்.

நவ்ஷாத் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கேட்டு வந்தார். வினிகராக மாறிய பிறகு அது ஒயின் ஆகாதாம், தாராளமாகச் சாப்பிடலாமாம். உங்க வீட்டு இறைச்சி ஊறுகாயில் சுர்க்கா ஊற்றுவதில்லையா, அதுவும் வினிகர்தானே என்று சிரித்தாராம்.

ஊற்றுகிறோம். பரணி பரணியாக மாமியே ஊற்றுகிறார். சுர்க்கா எப்படி ஆகிறது என்று மாமிக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். 'இது திராட்சை சுர்க்கா' என்று நான் சொல்லியிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். ஏன் சொல்லவில்லை? இவருக்கு எங்கே புரியப்போகிறது என்று நானே முடிவு கட்டிவிட்டேன். அலமாரி நிறையப் புத்தகம் வைத்திருக்கிறேன். அத்தனையும் படித்துவிட்டு இந்தப் புத்தி.

நவ்ஷாத் சந்தோஷமாக மாமாவுக்குப் போன் போட்டார். ஒலிபெருக்கியில் எனக்கும் கேட்டது.

"வினிகர் ஆகும்னு எனக்குத் தெரியாதா மாப்ள? எங்கக்கா என்ன எதுக்கு ஏமாத்துனாங்க? அதச் சொல்லு."

பதில் தெரிந்தவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

ஜனவரி 24

நாளை மறுநாள் விமானம். அங்கே போனவர்களில் திரும்பாதவர்களும் உண்டு. அக்காவும் தம்பியும் இப்படியே இருந்துவிட்டால் —

காலையில் நவ்ஷாத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். நாளைக்கு மாமாவிடம் வண்டியில் கூட்டிப்போகிறேன் என்றார்.

ஜனவரி 25, சனி

வேலந்தாவளம். மாமா பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். நின்றபடியே சொன்னேன். பொய் என்னுடையது, மாமிக்கு ஒன்றும் தெரியாது, என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னார் என்று. அழுதுவிடக் கூடாது, அழுதால் அதற்கும் ஒரு ஆறுதல் கிடைத்துவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"அக்காகிட்ட இதச் சொன்னியா அம்மிணி?"

இல்லை என்றேன்.

"அப்ப மொதல்ல அங்க போ."

வீடு திரும்பும் வழி முழுவதும் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தேன். யாருக்குச் செய்தேனோ அவரைத் தாண்டிக்கொண்டு வேறொருவரிடம் போய் நின்றிருக்கிறேன். மாமாவிடம் சொல்வது சுலபம் என்பதால்.

மாமி பின்கட்டில் மத்தி கழுவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். மாமியின் கை நிற்கவில்லை.

"நீ தட்டு அடுக்குனப்பவே தெரியும்" என்றார்.

எனக்காக ஏன் பொய் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"உனக்காகன்னு யாரு சொன்னா? எம்மருமக பொய் சொன்னான்னு எந்தம்பிகிட்ட எப்படிச் சொல்லுவேன்?" இன்னொரு மீனை எடுத்தார். "ஒயினுல வந்ததுன்னு சொல்லியிருந்தா, அப்படியான்னு கேட்டிருப்பேன். எங்கிட்ட நீ சொல்லிப் பாக்கவே இல்லியே கண்ணு."

மன்னிப்புக் கேட்டேன். செதிலைத் தள்ளிவிட்டுத் தண்ணி ஊற்று என்றார். ஊற்றினேன். அவ்வளவுதான்.

ஜனவரி 26

அதிகாலையில் நெடும்பாசேரி விமான நிலையம் போகும் வழியில் மாமா வண்டியைத் திருப்பி இங்கே வந்தார். வாசலிலேயே நின்று, "பொறுத்துக்குங்கக்கா" என்றார். மாமி, "நீயும் பொறுத்துக்கடா" என்றார். இரண்டு பேரும் அழுதார்கள். நான் கதவுக்குப் பின்னால் இருந்தேன். முன்னால் வர எனக்கு என்ன உரிமை? ஏறும்முன் மாமா என்னைத் தேடிப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் போனார்.

பிப்ரவரி 2

மாமிக்கு இன்றும் மோரும் ஊறுகாயும்தான்.

பிப்ரவரி 9, ஞாயிறு

பீட்ரூட்டைத் தோலோடு வேகவைத்து, உரித்து, வில்லை போட்டு, பச்சை வெங்காயமும் உப்பும் சேர்த்து இரண்டு தேக்கரண்டி பால்சமிக். அரைமணி ஊறினால் நன்றாக இருக்கிறது.

மதியம் எதிர்வீட்டு அக்கா வந்திருந்தார். ஒரு வாய் வைத்துவிட்டு, இதிலும் அந்தப் பேரீச்சம்பழப் பாகா என்று மாமியைக் கேட்டார். மாமி என் பக்கம் திரும்பவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"இல்லைங்க்கா. அன்னைக்கும் அது பேரீச்சம்பழம் இல்ல. நான் பொய் சொல்லிட்டேன். இது ஒயின்ல இருந்து ஆகுற வினிகர்."

அக்காவின் கை தட்டிலேயே நின்றது.

மாமி பீட்ரூட் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்து இரண்டு கரண்டி போட்டுக்கொண்டார். மென்று முடித்துவிட்டு, "உப்புப் பத்தல" என்றார்.