அறுபதாம் பிறந்தநாளுக்கு நான் சுட்ட சொக்கிலேட் பை

அண்ணை,

இன்று காலை எங்கள் ரெஸ்டோரண்ட் குசினியில் ஷெஃப் பேர்பன் விஸ்கிப் போத்தலைத் திறந்து, உருக்கிய வெண்ணெய்க்குள் இரண்டு கரண்டி விட்டார். அந்த மணம் எழும்பி முகத்தில் அடித்ததுதான் தெரியும், கையில் இருந்த முட்டைத் தட்டு கீழே. முப்பது முட்டை உடைந்தது. சரி, உங்களுக்குப் பொய் சொல்லி என்ன, எட்டு. ஷெஃப் என்ன நடந்தது என்று கேட்டார். தரை வழுக்கிவிட்டது என்றேன்.

நீங்கள் போய் இரண்டு மாதம். மாரடைப்பு என்று காலையில் டெலிபோன் வந்தபோதே நான் பாதி ஆள் ஆகிவிட்டேன். முப்பத்தொன்றாம் நாள் காரியத்தில் உங்கள் மகள் சொன்னதைக் கேட்ட பிறகு மிச்சப் பாதியும் போய்விட்டது. ஒரு மனிசன் ஐந்து வருடம் எனக்கு எதிரில் இருந்து சிரித்துக்கொண்டு இப்படி ஒன்றை மறைப்பாரா? உங்களிடமே கேட்க வேண்டும் என்றுதான் எட்டாம் வகுப்போடு விட்ட பேனையைத் திரும்ப எடுத்தேன். எழுத்துப் பிழை இருந்தால் நீங்கள் வழமைபோலக் கண்டுகொள்ளாமல் விடுங்கோ.

யூரோக் காசு வந்த அடுத்த வருடம். ஜெர்மனியில் இந்தக் கெல்சென்கிர்ச்சன் நகரில் நான் கோப்பை கழுவப் போன ரெஸ்டோரண்டில், ஆறே மாதத்தில் என்னைக் கேட்காமல் உப்புக்கூடப் போடமாட்டார்கள் என்ற நிலைமைக்கு வந்துவிட்டேன். ஷெஃப் அமெரிக்காவின் தெற்குப் பக்கத்தில் ஏழு வருடம் சமைத்துவிட்டு வந்த ஜெர்மன்காரர். அவர் சுடுகிற பை என்ற இனிப்புப் பலகாரத்துக்குத்தான் அங்கே ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். மாவும் குளிர்ந்த வெண்ணெயும் பிசைந்து தட்டில் விரித்து, அதற்குள் முட்டை, சீனி, பாகு, வால்நட், சொக்கிலேட் துண்டு எல்லாம் கலந்து ஊற்றி ஓவனில் வைப்பது. கடைசியாக இரண்டு கரண்டி பேர்பன். அது சோளத்தில் வடிக்கிற அமெரிக்க விஸ்கி. நடு இன்னும் கொஞ்சம் நடுங்கும்போதே வெளியே எடுத்துவிட வேண்டும், ஆறினால் தானாக இறுகும். இதை ஷெஃப் எனக்கு ஒரு தரம்தான் காட்டினார். ஒரு தரம் போதும், என் கை அப்படி. நான் சுட்டதைத் தின்றுவிட்டு ஒரு அமெரிக்கப் பட்டாளத்துக்காரன் தாயின் ஞாபகம் வந்து அழுதான் என்று உங்களிடம் சொல்லியிருக்கிறேன். அழுதது உண்மை. வால்நட் கோது பல்லில் பட்டுவிட்டது.

அப்போது நீங்கள் குடியை விட்டு நாலு வருடம். அதற்கு முன் நீங்கள் இருந்த இருப்பை நான் எழுதத் தேவையில்லை. அக்கா, உங்கள் மனைவி, செத்த பிறகு நீங்கள் விழுந்துபோனதும், மகள் படிக்கிறேன் என்று ஆஹென் நகருக்குப் போய் உங்களோடு ஒரு சொல் கதைக்காமல் இருந்ததும் எல்லாருக்கும் தெரியும். திரும்பி வந்தபோது ஒரே நிபந்தனைதான் வைத்தாள். ஒரு சொட்டுக் குடித்தாலும் இந்த வாசலுக்கு இனி வரமாட்டேன் என்று. நீங்கள் ஓம் என்றீர்கள், அதில் நின்றீர்கள். கலியாண வீட்டில் ஆட்கள் கிளாசோடு வந்து தோளில் கையைப் போட்டு, இன்றைக்கு மட்டும் அண்ணை என்று நீட்டும்போது நீங்கள் மருந்து எடுக்கிறேன், கோயில் விரதம் என்று ஒவ்வொரு தரமும் ஒவ்வொன்று சொல்லித் தப்பினதையும் பார்த்திருக்கிறேன். அதில் உங்களுக்கு எவ்வளவு களைப்பு என்று மட்டும் பார்க்கவில்லை.

அறுபதாம் பிறந்தநாளை மகள் மண்டபம் எடுத்துச் செய்தாள். கேக் என் பொறுப்பு என்று நெஞ்சில் அடித்துச் சொன்னேன். நாலு பை சுட்டேன். இரண்டு கரண்டி பேர்பன் எந்த மூலைக்குக் காணும் என்று எனக்கு ஒரு யோசனை. எங்கள் ஆட்கள் கலியாணத்துக்கு றிச் கேக் செய்தால் பிராண்டியை விட்டு விட்டு ஊறவைப்பார்கள். பியர்ப் போத்தலைக் கண்டாலே முகத்தைத் திருப்புகிற மாமிமார்கூட அந்தக் கேக்கைக் கடதாசியில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். பலகாரத்துக்குள் போனால் அது பலகாரம், குடி இல்லை. அப்படித்தான் என் மூளை வேலை செய்தது. சுட்ட பைகளில் ஊசியால் குத்திக் குத்தி மூன்று நாள் காலையும் மாலையும் பேர்பன் விட்டேன். ஒரு போத்தல் முடிந்தது. ஒருவருக்கும் சொல்லவில்லை. என் கைப்பக்குவத்தின் ரகசியம் என்று நினைத்துப் பொத்தி வைத்தேன்.

வீடியோ லைட் எரிகிறது. பாட்டுப் பாடி முடிந்து, மகள் முதல் துண்டை எடுத்து உங்கள் வாயில் ஊட்டினாள். எங்கள் பிறந்தநாளில் ஊட்டுகிறதை ஆரும் மறுக்க முடியுமா? நீங்கள் வாயை மூடினீர்கள். பிறகு மெல்லவும் இல்லை, விழுங்கவும் இல்லை. கண் அப்படியே நின்றுவிட்டது. அவள் படத்துக்காகக் கன்னத்தில் முத்தம் கொடுக்கக் கிட்ட வந்தாள். வந்தவள் நின்றாள்.

"அப்பா, குடிச்சனீங்களே?"

மெதுவாகத்தான் கேட்டாள். ஆனாலும் முன்வரிசைக்குக் கேட்டது.  நீங்கள் வாய்க்குள் அந்தத் துண்டோடு என்னைப் பார்த்தீர்கள்.  வாழ்க்கையில் முதல் தடவையாக எனக்குக் கதை வரவில்லை.  பிறகுதான் சொன்னேன், பிள்ளை, அப்பா குடிக்கேல்லை, நான்தான் கேக்கிலை ஊத்தினனான் என்று.

ஒருவரும் நம்பவில்லை அண்ணை. என் கதைகளில் நான் ஆற்றில் முதலையை மறித்தவன், விமானத்தில் பைலட்டுக்கு வழி காட்டினவன். நண்பனைக் காப்பாற்ற இன்னொன்று அவிழ்த்து விடுகிறேன் என்று நினைத்துப் பின்னால் ஆரோ சிரித்தார்கள். மகள், மாமா நீங்கள் இதுக்குள்ளை வராதேங்கோ என்று சொல்லிவிட்டுக் குளிர்க் கோட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். நான் ஒரு துண்டைக் கையிலேயே அள்ளிக்கொண்டு படியில் இறங்கி ஓடி அவள் மூக்குக்குக் கீழே பிடித்தேன். அவள் மணந்தாள். ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். அப்படியே படியில் குந்திவிட்டாள். சிரித்தாளா அழுதாளா என்று இன்றைக்கும் எனக்குப் பிடிபடவில்லை. திரும்பி மேலே வந்தாள், அது போதும்.

உங்களைத் தேடினேன். மண்டபக் குசினியில் குழாயைத் திறந்துவிட்டு வாயைக் கொப்பளித்துக்கொண்டு நின்றீர்கள். கொப்பளித்துத் துப்பினீர்கள், திரும்பக் கொப்பளித்தீர்கள். நான் வாசலில் நின்றதைக் காணவில்லை. நானும் உள்ளே வரவில்லை. உள்ளே வந்திருக்க வேண்டும்.

அதற்குள் சனம் மிச்சப் பையை முடித்துவிட்டது. விரதக்கார மாமி ஒருவர் மூன்றாம் துண்டு கேட்டு வாங்கி, பிறகு மைக்கைப் பிடித்துப் பாடினார். இதை வைத்து நான் கதை கட்டினேன். போன வீடெல்லாம் சொன்னேன். மண்டபமே ஆடியது, ஐயர் தாளம் போட்டார், அண்ணை கண்ணை மூடி அனுபவித்துவிட்டு இரண்டாம் துண்டு கேட்டவர் என்று முடிப்பேன். குழாயடியை மட்டும் ஒரு இடத்திலும் சொன்னதில்லை. நீங்களும் பக்கத்தில் இருந்து சிரிப்பீர்கள். புது ஆட்கள் இருக்கிற இடம் என்றால் நீங்களே, "அதைச் சொல்லடா" என்பீர்கள்.

முப்பத்தொன்றாம் நாளும் சாப்பிட்டு முடியச் சனம் அதைத்தான் கேட்டது. நான் சொன்னேன். துக்க வீடென்றும் பாராமல் சிரித்தார்கள். மகளும் சிரித்தாள். பிறகு என்னைப் பல்கனிக்குக் கூப்பிட்டாள்.

"மாமா, அப்பா ரெண்டாம் துண்டு கேக்கேல்லை."

தெரியும் பிள்ளை, கதைக்குச் சொல்லுறதுதானே என்றேன். அப்போதுதான் அவள் சொல்லத் தொடங்கினாள். அந்த ஒரு வாய், நாலு வருடம் படுத்திருந்ததை உங்களுக்குள் எழுப்பிவிட்டதாம். அடுத்த மூன்று மாதம் வேலை முடிய நீங்கள் உங்கள் வீட்டுக்குப் போகவில்லை, நேரே அவள் வீட்டுக்குத்தான். இரவு வீடு திரும்பும்போதும், உங்கள் டிராம் தரிப்பிடத்தில் பியர் விற்கிற பெட்டிக்கடை இருக்கிறது என்று ஒரு தரிப்பிடம் முன்னுக்கே இறங்கினீர்களாம். அவள் மேசையில் இருந்து உருளைக்கிழங்கு உரிப்பீர்களாம். ஒருநாள், பிள்ளை என்னைத் தனிய விடாதை என்று கேட்டீர்களாம்.

அண்ணை, அந்த மூன்று மாதமும் நான் உங்களை ஒவ்வொரு சனிக்கிழமையும் கண்டவன். ஏன் நடந்து வாறியள் என்று கேட்டேன். சீனி வருத்தத்துக்கு டாக்டர் நடக்கச் சொன்னவர் என்றீர்கள். நான் அதையும் நம்பி, எனக்கு ஐம்பதிலும் இரத்தம் பால் மாதிரி என்று அளந்தேன். நினைக்க நெஞ்சு கூசுகிறது.

அப்பா என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று மகளிடம் கேட்டேன். ஒரு ஏச்சு ஏசியிருந்தால் தாங்கியிருப்பேனே. அவள் பல்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தபடி சொன்னாள்.

"சொன்னால் நீங்கள் அந்தக் கதையை நிப்பாட்டிப்போடுவியள் எண்டு அப்பாக்குப் பயம். அவன்ரை கதை போன இடத்திலை ஒருத்தனும் எனக்குக் கிளாஸ் நீட்டுறேல்லை எண்டவர்."

 நான் உங்களைச் சிரிக்கவைக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். யோசித்துப் பார்த்தால் சரிதான். பைக் கதைக்குப் பிறகு இந்த ஊரில் உங்களுக்கு ஒருவரும் கிளாஸ் நீட்டவில்லை. அண்ணை தொடமாட்டார், கேக்கிலை இருந்ததுக்கே மகள் கோட்டை எடுத்தவள் என்று அவர்களே சிரித்துக்கொண்டு தேத்தண்ணி கொண்டுவந்து தந்தார்கள். நீங்கள் மருந்தென்றும் விரதமென்றும் சொல்லத் தேவை இருக்கவில்லை. அதைச் சொல்லடா என்று நீங்கள் கேட்டது இதற்கா? எத்தனை தரம் கேட்டிருப்பீர்கள். ஒரு தரமாவது உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்கலாம் நான். சனத்தைப் பார்த்தல்லவா சொன்னேன்.

போன சனிக்கிழமை ஒரு பிள்ளை பெரியவளான சாமத்தியவீடு. லொறி ஓடுகிற ஒருவர், நாற்பத்தைந்து வயது இருக்கும், மூலையில் தோடம்பழச் சாறோடு இருந்தார். மூன்று பேர் சுற்றி நின்று, என்ன மச்சான், இன்றைக்கும் பச்சைப்பிள்ளையோ என்று விஸ்கிக் கிளாசை அவர் மேசையில் வைத்துத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரிந்த சிரிப்பு. கதிரையை இழுத்து நடுவில் போட்டு இருந்து, தம்பிமார், நான் ஒருக்கா ஒரு பை சுட்டனான் என்று தொடங்கினேன். மூவரும் என் பக்கம் திரும்பினார்கள். ஐயரைக் கொண்டுவந்தேன், பாடின மாமியைக் கொண்டுவந்தேன், இல்லாத ஒரு பொலிஸ்காரனையும் கொண்டுவந்து ஒரு துண்டு கொடுத்தேன். உங்களுக்கு இரண்டாம் துண்டு கொடுக்கவில்லை. மகள் கோட்டை எடுத்ததைச் சொன்னேன், குழாயடியையும் சொன்னேன்.  ஒருவன் அந்தக் கிளாசைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். அந்த மனிசன் தன் தோடம்பழச் சாற்றைக் குடித்து முடிக்கும் மட்டும் நான் கதையை முடிக்கவில்லை.